மூன்றாம் தேதி பாஸ்புக்

என் மாமனார் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வங்கி அவரை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. அவர்தான் வங்கியை விடவில்லை. மாதாமாதம் மூன்றாம் தேதி காலை பத்தரை மணிக்கு வீட்டில் உள்ள எல்லோருடைய பாஸ்புக்கையும் ஒரு மஞ்சள் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அபிராமபுரத்திலிருந்து லஸ் பக்கம் இருக்கும் கிளைவரை நடந்தே போவார். அங்கே அச்சடிக்கும் இயந்திரத்தில் ஒவ்வொன்றாகச் செருகி எடுத்துக்கொண்டு திரும்பி வருவார். அவருடையது, அத்தையுடையது, என் மனைவியுடையது, மச்சினியுடையது, கடைசியில் என்னுடையது.

"எல்லாம் போன்லயே தெரியுமே மாமா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன்.

"போன்ல தெரியறது வேற, அச்சுல நிக்கறது வேற மாப்ளே" என்றார்.

மற்றவர்களுடைய பாஸ்புக்குகளை அலமாரியில் வைத்துவிடுவார். என்னுடையதை மட்டும் என் மேசைக்கே கொண்டுவந்து கையில் கொடுப்பார். கொடுத்தவுடன் போகமாட்டார். ஒரு நிமிடம் நிற்பார். நான் பிரித்துப் பார்ப்பேன், தலையை ஆட்டுவேன், "சரி மாமா" என்பேன். அதன் பிறகும் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் உள்ளே போவார். முன்னேற்ற அறிக்கையில் அப்பாவிடம் கையெழுத்து வாங்க வந்த பையனைப் போல எனக்கு முதுகு குறுகுறுக்கும். பெண்ணைக் கொடுத்தவர், தங்க இடம் கொடுத்தவர், பாஸ்புக்கையும் கொடுத்துவிட்டுப் போகட்டுமே, நின்று வேறு பார்க்க வேண்டுமா என்று உள்ளுக்குள் பொருமுவேன்.

நான் வீட்டோடு மாப்பிள்ளை. அந்தச் சொல்லை யாரும் என் முன்னால் சொன்னதில்லை, அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நந்தனத்தில் நான் வேலை பார்த்த அலுவலகம் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பிரிவை மொத்தமாக மூடியது. அடையாறில் வாடகை வீட்டைக் காலி செய்துவிட்டு, மனைவியும் நானும் பெண் குழந்தையும் அபிராமபுரத்துக்கு வந்தோம். இரண்டு மாதம் என்றுதான் வந்தோம். அந்த இரண்டு மாதம் இப்போது நான்காவது வருடத்தில் இருக்கிறது.

முதல் வருடம் வேலை கிடைக்கவில்லை. மாமனார் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. காலையில் நான் சட்டை மாற்றிக்கொண்டு வந்தால், "இன்னிக்கு இன்டர்வியூவா மாப்ளே?" என்பார். இல்லை என்றால், "பரவால்ல, வரும்" என்பார். அந்தப் பரவாயில்லைக்குப் பதில் அவர் என்னை நாலு அறை அறைந்திருக்கலாம். அத்தை என் தட்டில் மீன் துண்டை ஒன்று கூட வைப்பார், நோயாளிக்கு வைப்பதுபோல. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வளாகத்தில் நிற்கும்போது யாராவது "மாப்ள எங்க வேல பாக்குறாரு?" என்று கேட்டால், மாமனார் செருப்பைத் தேடப் போய்விடுவார்.

தனியாகப் போய்விடலாம் என்றால் அதற்கும் ஒரு விதி இருந்தது. "வாடகை வீட்டுக்குப் போறதுக்கா என் வீட்ட விட்டுப் போறீங்க? ஊர் என்ன பேசும்? சொந்த வீடுன்னா சொல்லுங்க, நானே ஃபாதரக் கூட்டிட்டு வந்து வீடு மந்திரிச்சுக் குடிவெக்கிறேன்." இதை அவர் அன்பாகத்தான் சொன்னார். அன்பாகப் பூட்டினாலும் பூட்டு பூட்டுதான்.

பிறகு ஓர் ஐரோப்பிய நிறுவனத்துக்கு ஒப்பந்தத்தில் எழுதித்தரும் வேலை கிடைத்தது. ரத்தப் பரிசோதனை செய்யும் இயந்திரங்களை எப்படி இயக்குவது, எப்படித் துடைப்பது, சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்வது என்று கையேடு எழுத வேண்டும். நான் அவர்களுடைய ஊழியன் இல்லை. எனக்கு அடையாள அட்டையோ சம்பளச் சீட்டோ வருங்கால வைப்பு நிதியோ கிடையாது. செய்த வேலைக்கு மாதம் ஒரு பில் அனுப்ப வேண்டும், இடையில் இருக்கும் ஒரு பட்டுவாடா நிறுவனம் பணம் அனுப்பும். பணம் நன்றாகவே இருந்தது. நந்தனத்தில் வாங்கியதைவிட அதிகம்.

என் மேசை ஹாலில், இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே. காணொளிக் கூட்டங்களில் என் தலைக்கு மேல் அந்தப் படத்தின் சிவப்பு பல்பு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முதல் கூட்டத்திலேயே அங்கிருந்த மேலாளர், நான் பதிவு செய்கிறேனா என்று கேட்டார். இல்லை, அது கடவுள் என்றேன். அவர் சிரிக்கவில்லை.

அந்த மேசையில்தான், என் மனைவி பக்கத்தில் நிற்க, ஒப்பந்தப் படிவத்தை நிரப்பினேன். எந்த நாணயத்தில் பணம் வேண்டும் என்று ஒரு கட்டம். யூரோ, டாலர், ரூபாய். ஒருமுறை தேர்ந்தெடுத்தால் ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது. ஒவ்வொரு ஜனவரியிலும் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது முதல் பத்து நாள் மட்டும் மாற்றலாம் என்று கீழே எழுதியிருந்தது. அதற்குக் கீழே இன்னொரு கட்டம்: உங்கள் வங்கிக் கணக்கில் தெரிய வேண்டிய குறிப்பு.

டாலர் என்று போடக் கை போனது. மனைவி என் தோளைத் தொட்டாள்.

"டாலர்ல வந்தா மாசா மாசம் வேற வேற தொகையா வரும்ல? தேதியும் மாறும். அப்பா கேப்பாரு."

கேட்கவே வேண்டாம், அவருக்கே தெரிந்துவிடும். கடைசிப் பத்து வருடம் அவர் உட்கார்ந்திருந்தது அந்நியச் செலாவணிப் பிரிவில். வெளிநாட்டிலிருந்து வரும் பணம் எதற்காக வருகிறது என்று காட்டும் எண்களுக்கு என்ன அர்த்தம் என்று தூக்கத்திலும் சொல்வார். மாப்பிள்ளை வேலையில் இல்லை, கூலிக்கு எழுதுகிறார் என்று ஒரே வரியில் படித்துவிடுவார்.

"ரூபாய்னு போடுங்க. ஒண்ணாந்தேதி ஒரே தொகையா வரட்டும். குறிப்புல சாலரின்னு போட்டுடுங்களேன். ஒரு வார்த்ததானே? வீட்ல நிம்மதியா இருக்கலாம்."

போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவில்லை. அடுத்த மாதம் மூன்றாம் தேதி பாஸ்புக்கில் ஆங்கிலப் பெரிய எழுத்தில் சாலரி என்று அச்சாகி வந்தபோது மனைவி ரவா கேசரி கிண்டினாள். மாமனார் கேசரியை வாங்கிக்கொண்டு, "கங்கிராட்ஸ் மாப்ளே" என்று கை கொடுத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வளாகத்தில் அவர் செருப்பைத் தேடப் போகவில்லை. "ஃபாரின் கம்பெனி. வீட்லேர்ந்தே வேல" என்று யாரும் கேட்காமலே சொன்னார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது இவ்வளவு சுலபமா என்று இருந்தது.

அதே நிறுவனத்துக்கு எழுதும் நண்பன் ஒருவன் கொட்டிவாக்கத்தில் இருக்கிறான். நந்தனத்தில் என்னோடு வேலை இழந்தவன். அவன் டாலரில் வாங்கினான். ரூபாய் இறங்கும்போதெல்லாம் போன் செய்வான்.

"மச்சி, டாலர் ஏறிக்கினே போவுது. நீ இன்னாடான்னா ரூபாய்ல வாங்கிக்கினு கீற. நடுவுல கீறவன் ரூபாயா மாத்தறதுக்குக் கழிச்சுக்கினு குடுக்கறான்டா உனக்கு. மாமனாருக்குப் பயந்துக்கினு எவனாவது கரன்சி செலக்ட் பண்ணுவானா?"

பண்ணுவான். நான் பண்ணினேன். அடுத்த ஜனவரியில் பத்து நாள் வந்தது, போனது. தொகையைக் கொஞ்சம் உயர்த்திக் கொடுத்தார்கள். நாணயக் கட்டத்தை நான் தொடவில்லை. வருமான வரியையும் சம்பளக்காரனைப் போலவே முழுத் தொகைக்கும் கட்டினேன். நாம் சொன்ன பொய்யை வரி கட்டிக் காப்பாற்றும் அளவுக்கு நான் யோக்கியன்.

அந்த வேலையின் இரண்டாவது வருடம் நவம்பரில் மச்சினிக்கு இடம் அமைந்தது. நல்ல இடம், நல்ல பையன், பையனின் தாய்மாமா என் மாமனாரோடு ஒரே வங்கியில் இருந்தவர். தவக்காலம் கழிந்து, ஈஸ்டருக்குப் பிறகு கல்யாணம் என்று பேசி முடித்தார்கள். செலவுக்கு மாமனார், ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டார். அந்தச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் அவரும் ஒருவர்.

ஒரு மதியம் ஒரு படிவத்தை என் மேசையில் வைத்தார். "ஜாமீன் கையெழுத்து மாப்ளே. சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

படிவம் முழுவதையும் அவரே நிரப்பியிருந்தார். அவருடைய கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஜாமீன்தாரர் மாதச் சம்பளம் பெறுபவராக இருக்க வேண்டும் என்று அச்சிட்டிருந்த வரிக்கு எதிரே, 'ஆம், மாதச் சம்பளம்' என்று எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டிருந்தார். என் பாஸ்புக்கின் ஆறு பக்கங்களை நகலெடுத்துப் பின்னால் குத்தியிருந்தார். பேனாவை என்னிடம் நீட்டினார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்தேன் என்றுகூட எழுதமாட்டேன், வாயெடுக்கவில்லை. உள்ளே மச்சினி யாரிடமோ போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டேன். அதுவரை என் பொய் வீட்டுக்குள் கிடந்தது. அன்றிலிருந்து ஒரு சங்கத்தின் கோப்பில் போய் உட்கார்ந்தது.

டிசம்பரில் கொட்டிவாக்கம் நண்பன் கூப்பிட்டான். அவன் குடியிருக்கும் கட்டடத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வீடு விலைக்கு வருகிறது. பழைய கட்டடம், ஆனால் கடல் காற்று வரும். வீட்டுக்காரர் மகனோடு போய் இருக்கப் போகிறார், ஜூன்வரை பொறுப்பார். மனைவியும் நானும் குழந்தையும் போய்ப் பார்த்தோம். குழந்தை ஒரு சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். திறக்கச் சொன்னால் திறக்கவில்லை. அவளுக்கு ஒன்பது வயது, சாத்திக்கொள்ள ஒரு கதவு இருக்கும் என்பதே அவளுக்குத் தெரியாது. மனைவி சமையலறை மேடையைக் கையால் தடவிக்கொண்டே, "வாங்கிடலாங்க" என்றாள். கையிலிருந்து போடும் முன்பணம் எங்களிடம் இருந்தது, இரண்டு வருடச் சேமிப்பு. மீதிக்கு வங்கிக் கடன்.

வங்கியில் சம்பளச் சீட்டு கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் சொந்தத் தொழிலுக்கான வரிக் கணக்கு கொடுங்கள் என்றார்கள். அதுவும் இல்லை. சம்பளம் என்று பாஸ்புக்கில் இருக்கிறதே என்றேன். அந்த அதிகாரி என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஒரு படி குறைந்தது. அதனால்தான் தி. நகரில் ஒரு ஆடிட்டரிடம் போனேன்.

பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் அவருடைய அலுவலகம். என்னைவிட வயதில் சின்னவர், ஆனால் என்னைத் திட்டுவதற்கு வயது அவருக்குத் தடையாக இருக்கவில்லை. கீழே யாரோ அண்டாவைத் தட்டித் தட்டி வாங்கிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்திப் பேசினார்.

"சார், நீங்க சம்பளக்காரரா, தொழில் பண்றவரா? மொதல்ல அத முடிவு பண்ணுங்க."

"தொழில்தான் மேடம்."

"அப்ப எதுக்கு சாலரின்னு வருது? தொழில்னா வரவுல பாதிய வருமானமா காட்டி அதுக்கு வரி கட்டினா போதும். உங்க வேலைய அப்படிக் காட்டலாம். நீங்க முழுசுக்கும் கட்டியிருக்கீங்க. சரி, அது போகட்டும். வெளிநாட்டுக்காரனுக்கு வேல செஞ்சு டாலர்ல வாங்கினா, பேங்க்ல ஒரு சர்டிபிகேட் குடுப்பான், வெளியேர்ந்து வந்த பணம்னு. அது இருந்தா ஏற்றுமதி, ஜிஎஸ்டி கெடையாது. உங்க பணம் இங்க இருக்கற அக்கவுன்ட்லேர்ந்து ரூபாயா வருது. சர்டிபிகேட்டுக்கு வழியே இல்ல. கவர்மென்ட்டப் பொறுத்தவரைக்கும் நீங்க பாண்டி பஜார்ல கட வெச்சு வித்த மாதிரி. போன ஜனவரி தொகை ஏத்தினதுல வருஷத்துக்கு இருபது லட்சத்தத் தாண்டிட்டீங்க. நூத்துக்குப் பதினெட்டு கட்டணும். வட்டியோட."

எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதித் திருப்பி வைத்தார். எங்கள் முன்பணத்தில் ஏறக்குறைய பாதி.

"யார் சார் உங்களுக்கு ரூபாய் செலக்ட் பண்ணச் சொன்னது?"

நான் கீழே அண்டா வாங்குபவரின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கொஞ்சம் இறங்கி வந்தார். இந்த ஜனவரியில் டாலருக்கு மாற்றிவிடுங்கள், குறிப்பில் சாலரியை எடுத்துவிடுங்கள், பழைய பாக்கியைக் கட்டி, திருத்த முடிந்த கணக்கைத் தொழில் என்று திருத்திவிடலாம், ஐந்து மாதம் டாலரும் சர்டிபிகேட்டும் ஒழுங்காக வந்தால் ஜூனுக்குள் வீட்டுக் கடன் வாங்கித் தருவது என் பொறுப்பு என்றார். மாற்றாவிட்டால்? "மாத்தாட்டி இன்னொரு வருஷம் மாசாமாசம் பதினெட்டு போகும். வீட்ட மறந்துடுங்க."

வழி திறந்திருந்தது. ஆனால் அந்த வழி பாஸ்புக் வழியாகப் போனது. டாலர் வந்தால் பிப்ரவரி மூன்றாம் தேதி மாமனாருக்குத் தெரிந்துவிடும். அவருக்குத் தெரிந்தால், நான் போட்ட ஜாமீன் கையெழுத்து பொய் என்றும் தெரியும். இருதலைக் கொள்ளி எறும்பு என்று சின்ன வயதில் கட்டுரைகளில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். எறும்பாக இருந்து பார்த்தால் அதில் அழகு ஒன்றும் இல்லை, சுடுகிறது, அவ்வளவுதான்.

மனைவியிடம் சொன்னேன். முதலில் அழுதாள், பிறகு கோபப்பட்டாள். நீங்கள்தானே படிவத்தை நிரப்பினீர்கள் என்றாள். நீதானே சொன்னாய் என்றேன். குழந்தை இருக்கும் அறையில் குரலை உயர்த்த முடியாததால் இரண்டு பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுப்பாகவே சண்டை போட்டோம். அந்த வீட்டில் நாங்கள் போட்ட சண்டை எல்லாமே கிசுகிசுப்புதான். கடைசியில் அவள் சொன்னாள்: "அப்பாகிட்ட சொல்லிடுங்க. என்னால முடியாது. நீங்க சொல்லிடுங்க."

ஜனவரி மூன்றாம் தேதி, மாமனார் மஞ்சள் பையை எடுத்தபோது, "நானும் வர்றேன் மாமா" என்றேன். ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு பேரும் நடந்தோம். வழியெல்லாம் எப்படித் தொடங்குவது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவர் நடைபாதையில் கிடந்த குழிகளை எனக்குக் காட்டிக்கொண்டே வந்தார்.

கிளையில் அந்த இயந்திரத்துக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். எங்கள் முறை வந்தது. அவர் பாஸ்புக்கை ஒவ்வொன்றாகச் செருகினார். அது உள்ளே இழுத்து, கரகரவென்று அடித்து, பக்கத்தைத் திருப்பச் சொல்லி வெளியே தள்ளும். என்னுடையதைச் செருகியபோது, "மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

அவர் இயந்திரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அது சம்பளம் இல்லங்கறதுதானே?"

இயந்திரம் அடித்துக்கொண்டே இருந்தது.

"எப்பலேர்ந்து தெரியும் மாமா?"

"ரெண்டாவது மாசம். மொத மாசம் சந்தேகம். ரெண்டாவது மாசமும் அதே முழுத் தொகை. வரி பிடிக்கல, பிஎஃப் பிடிக்கல, ஒரு ரூபா பிடித்தம் இல்ல. அப்படி ஒரு சம்பளத்த நான் பாத்ததே இல்ல மாப்ளே. அனுப்பினவன் பேரப் பாத்தேன். அவன் பணம் பட்டுவாடா பண்றவன், கம்பெனி இல்ல."

"அப்ப ஏன் மாமா கேக்கல?"

பாஸ்புக் வெளியே வந்தது. அவர் எடுத்து, மை காய்வதற்காக லேசாக ஊதினார்.

"நான் கேட்டா அது விசாரண. நீங்களா சொன்னீங்கன்னா அது பேச்சு. மாசா மாசம் கையில குடுத்துட்டு ஒரு நிமிஷம் நிப்பேன்ல? எதுக்குன்னு நெனச்சீங்க? இருபத்திரண்டு தடவ நின்னேன்."

பின்னால் நின்ற அம்மா, "அச்சடிச்சிட்டீங்கன்னா நகருங்க சார்" என்றார். நகர்ந்து, சுவர் ஓரம் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் உட்கார்ந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. கூடவே ஒரு பெரிய நிம்மதியும் வந்தது, அதை மறைக்கமாட்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். ஆடிட்டர், பதினெட்டு, கொட்டிவாக்கம் வீடு, குழந்தை சாத்திக்கொண்ட கதவு, பத்தாம் தேதிக்குள் மாற்ற வேண்டும் என்பதுவரை. அவர் பையை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரு இடத்தில் மட்டும், அந்தச் சர்டிபிகேட்டை எந்தப் பிரிவில் கேட்டால் சீக்கிரம் கிடைக்கும் என்று சொன்னார்.

"டாலர்தான் சரி" என்றார் முடிவில். "மொத நாளே என்கிட்ட கேட்டிருந்தா நானே உக்காந்து எழுதிக் குடுத்திருப்பேன். என் சீட்டு வேலையே அதான்."

"அப்ப மாத்திடறேன் மாமா."

அவர் கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

"இந்த வருஷம் வேணாம் மாப்ளே."

எனக்குப் புரியவில்லை.

"கல்யாணக் கடன்ல பாதிதான் வந்திருக்கு. மீதி மார்ச்ல வரும். அப்ப ஜாமீன்தாரோட மூணு மாச பாஸ்புக்க மறுபடி கேப்பாங்க. அதுல சாலரி இல்லன்னா கடன் நிக்கும். நின்னா மண்டபம் நிக்கும். அதுகூட சமாளிச்சுடலாம். அந்த ஃபார்ம்ல மாதச் சம்பளம்னு எழுதி நான் இனிஷியல் போட்டிருக்கேன். கமிட்டில நானும் ஒருத்தன். பையனோட தாய்மாமனும் அந்தச் சங்கத்துல மெம்பர்."

"தெரிஞ்சேவா எழுதினீங்க?"

"தெரிஞ்சேதான் எழுதினேன். முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல ஒரு தப்பு என்ட்ரி போட்டதில்ல. இது ஒண்ணுதான்." மடியில் இருந்த பையின் வாயை மடித்துக்கொண்டே, "பேனாவ நீட்டினப்பகூட நீங்க சொல்லிடுவீங்கன்னு நெனச்சேன். சொல்லியிருந்தா அங்கயே கிழிச்சுப் போட்டிருப்பேன்" என்றார்.

கோபம் வந்தது. இரண்டு வருடம் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு, நான் வாயைத் திறக்கும் அன்றைக்குப் பார்த்து மூடச் சொல்கிறாரே என்று கோபம். வாடகை வீட்டுக்குப் போக விட்டிருந்தால் இதெல்லாம் வந்தேயிருக்காது என்று கோபம். அதைச் சொல்லியும் விட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். என் கல்யாணத்திலிருந்து அன்றுவரை அந்த ஜாமீன் கையெழுத்தைத் தவிர அவர் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அந்த ஒன்றை நினைத்தவுடன் என் கோபத்துக்குக் கால் ஒடிந்துவிட்டது.

எழுந்திருக்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொண்ணு. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. அப்பாவ ஏமாத்திட்டோம்னு அவளுக்கு இருக்கறது ஒரு வருத்தம். அப்பாவும் தெரிஞ்சே பொய்க் கையெழுத்துப் போட்டாருன்னு தெரிஞ்சா, அது வேற. அது வேணாம்."

வீட்டுக்கு வந்ததும் மனைவி அடுக்களைக்குள் இழுத்துக்கொண்டு போய், "சொல்லிட்டீங்களா?" என்றாள்.

"இல்ல. சொல்ல முடியல."

"கோழை" என்றாள். உரக்கச் சொல்லவில்லை, கிசுகிசுப்பாகத்தான் சொன்னாள். நான் கோழை இல்லை என்று நிரூபிக்க என்னிடம் ஒரே ஒரு சாட்சிதான் இருந்தார். அவர் ஹாலில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

எட்டாம் தேதி மதியம், இருதய ஆண்டவர் படத்துக்குக் கீழே, அந்தப் படிவத்தைத் திறந்தேன். யூரோ, டாலர், ரூபாய். டாலரை ஒருமுறை தொட்டேன். பக்கம் ஒன்றும் சொல்லவில்லை, அதற்கு எதுவானாலும் ஒன்றுதான். பிறகு ரூபாயைத் தொட்டேன். குறிப்பு முன்பு இருந்தபடியே இருக்கட்டுமா என்று கேட்டது. இருக்கட்டும் என்றேன். கண்கள் நிறைந்துவிட்டன. பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகள், "என்னப்பா?" என்றாள். தூசி என்றேன்.

மார்ச்சில் கடனின் மீதிப் பாதி வந்தது. ஈஸ்டர் கழிந்து மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பான ஓலையை வாசித்தார்கள். கல்யாணம் குறையில்லாமல் நடந்தது. வரவேற்பில் மாமனார் என்னைப் பையனின் தாய்மாமாவிடம் அழைத்துப் போய், "மூத்த மாப்பிள்ள. ஃபாரின் கம்பெனில இருக்கார்" என்றார். சொல்லும்போது மேடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கி வரியை முன்பணத்திலிருந்து கட்டினேன், மாதாந்தரப் பதினெட்டும் போய்க்கொண்டிருக்கிறது. ஜூனில் நண்பன் கூப்பிட்டு, "மச்சி, ரெண்டாவது மாடில ஆளு வந்துட்டாங்கடா" என்றான். சரி என்றேன். மகள் அந்த வீட்டைப் பற்றி ஒருமுறை கேட்டாள், பிறகு கேட்கவில்லை.

மனைவி இன்னும் அப்பாவுக்குத் தெரியாது என்று நினைக்கிறாள். பாஸ்புக் நாளில் அவர் முகத்தை ஓரக்கண்ணால் பார்க்கிறாள். அவர் எங்களைப் பார்க்காமல் இருக்கிறார். நான் இருவருக்கும் நடுவே உட்கார்ந்து, சிவப்பு விளக்கு எரிந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாருக்கோ எழுதிக்கொண்டிருக்கிறேன்.

மூன்றாம் தேதி இப்போதும் வருகிறது. வெயிலோ மழையோ, பத்தரைக்கு மஞ்சள் பையோடு கிளம்புகிறார், பதினொன்றரைக்கு வாசலில் செருப்பு விடும் சத்தம் கேட்கிறது. என் பாஸ்புக்கை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு நேரே உள்ளே போய்விடுகிறார். நிற்பதில்லை. அவர் உள்ளே போன பிறகு நான் அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, "சரி மாமா" என்கிறேன்.